பார்க் ஸ்ட்ரீட்டில் ஒரு பாட்டு மேடை

வங்கிப் பணியாளருக்கு மாற்றல் ஆணை மழையைப் போன்றது. வரும் என்பது தெரியும். என்றைக்கு என்பதுதான் தெரியாது. 2016ஆம் ஆண்டின் நடுவில் அப்படியோர் ஆணை நம்மைச் சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு அனுப்பிவைத்தது. பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டுக் குடும்பம் சென்னையிலேயே தங்கிவிட, மாலையில் கிளையைப் பூட்டியபின் பொழுதைப் போக்குவது பெரும்பாடாக இருந்தது. நம் நிலையைக் கண்ட வங்காள நண்பர் ஒருவர், "காளிகோயிலையும் ஹௌரா பாலத்தையும் எல்லோரும் பார்க்கிறார்கள். தாங்கள் பாட்டுக் கேட்பவர். இன்றிரவு என்னுடன் வாருங்கள்" என்று பார்க் ஸ்ட்ரீட்டுக்கு அழைத்துச் சென்றார். 2004இல் அன்னை தெரசா சரணி என்று பெயர் மாற்றம் பெற்ற சாலை அது. ஊர்மக்கள் நாவில் மட்டும் இன்றும் பார்க் ஸ்ட்ரீட்தான்.

நாம் நுழைந்த இடம் ஓர் உணவகம். அறையின் ஒரு கோடியில், நான்கைந்து பேர் நெருக்கி நின்றால் நிறைந்துவிடும் அளவுக்கு ஒரு மேடை. அதில் கிதார், டிரம்ஸ், கீபோர்டு. நடுவில் ஒலிவாங்கியுடன் ஒரு பாடகி. முதல் வரிசை மேசையிலிருந்து கையை நீட்டினால் மேடையைத் தொட்டுவிடலாம். பாடகி மூச்சை இழுப்பது கேட்கிறது. சுரம் சற்றே பிசகியபோது அவரே சிரித்துக்கொள்வதும் தெரிகிறது. அரங்கத்தின் இருபதாவது வரிசையில் அமர்ந்து கச்சேரி கேட்டுப் பழகிய நமக்கு இந்த நெருக்கம் புதிதாக இருந்தது. வாயிலருகே ஒரு பலகை. அந்த வாரத்தில் எந்த நாள் யார் பாடுவார் என்று அதில் எழுதியிருந்தது. தெரிந்த பெயர்களுக்கிடையே ஒரு பெயரின்மேல் விரல் வைத்து, "இவர் புதியவர். வெள்ளிக்கிழமை வந்து கேட்க வேண்டும்" என்றார் நண்பர்.

உண்டு முடித்ததும் பில் வந்தது. வங்கிக்காரரின் பழக்கம், ஒவ்வொரு வரியாகப் படித்தோம். சூப்புக்கு விலை இருந்தது, ரொட்டிக்கு இருந்தது, வரிக்கும் தனி வரி இருந்தது. இரண்டு மணி நேரம் கேட்ட பாட்டுக்கு மட்டும் அதில் இடமில்லை. இந்தப் பாட்டுக்கு விலை கொடுப்பவர் யார் என்ற கேள்வி அன்றிரவு மனத்தில் விழுந்தது. ஐந்தாண்டுகள் அந்நகரில் இருந்தவரை அது நம்மை விட்டு நீங்கவில்லை.

கபரே என்னும் சொல்

இவ்வகை மேடைக்கு மேலைநாட்டார் வைத்த பெயர் கபரே. இச்சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்குப் பழைய திரைப்படங்களின் கிளப் டான்ஸ் காட்சிதான் நினைவுக்கு வரும். வில்லன் மேசையில் அமர்ந்திருப்பார், கடத்தல் பொருள் கைமாறும், பின்னணியில் எல்.ஆர்.ஈஸ்வரியின் குரல் ஒலிக்கும். திரை காட்டியது கபரேயின் ஒரு முகத்தை மட்டுமே. 1881இல் பாரிஸ் நகரின் மோன்மார்த்ர் பகுதியில் ரோடோல்ஃப் சாலி என்பவர் "கறுப்புப் பூனை" என்னும் பெயரில் தொடங்கிய விடுதியில் கவிஞர்களும் பாடகர்களும் ஓவியர்களும் கூடினர். மேசைகளுக்கிடையே பாட்டும் கவிதையும் கேலியும் நிகழ்ந்தன. உண்பவரும் பாடுபவரும் ஒரே அறையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருப்பதே அதன் இயல்பு. அந்த வழக்கம் பல நாடுகளைச் சுற்றி, இரவு உணவும் இசையும் இணைந்த சிறு அரங்குகளாக இந்தியாவுக்கும் வந்தது. நம் நாட்டில் அது மிகுதியாக வேரூன்றிய இடங்களுள் ஒன்று கொல்கத்தா.

தேநீர்க்கூடம் மேடையான கதை

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அயல்நாட்டுப் படைவீரர்கள் இந்நகரில் நிறைந்திருந்தனர். சௌரங்கியின் பெரிய விடுதிகளில் ஜாஸ் இசை முழங்கியது. டெடி வெதர்ஃபோர்ட் என்னும் கறுப்பின அமெரிக்கப் பியானோ கலைஞர் கிராண்ட் ஓட்டலில் இசைக்குழு நடத்திப் பெரும்புகழ் பெற்றார். 1945இல் காலரா கண்டு இந்நகரிலேயே அவர் மறைந்தார். உடன் வாசித்துத் தேர்ந்த கோவா, ஆங்கிலோ-இந்திய, நேபாளக் கலைஞர்கள் அந்த இசையை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசென்றனர்.

பார்க் ஸ்ட்ரீட்டின் கதை ஒரு கேக் கடையில் தொடங்குகிறது. 1927இல் தொடங்கப்பட்ட ஃப்ளூரிஸ் தேநீர்க்கூடத்தில் பங்குதாரராக இருந்தவர் ட்ரிங்கா என்னும் சுவிட்சர்லாந்துக்காரர். 1939இல் அவர் பிரிந்து, அதே சாலையில் எதிர்ப்புறம் ட்ரிங்காஸ் என்ற பெயரில் தமது கடையைத் திறந்தார். 1959இல் ஓம் பிரகாஷ் பூரி, எல்லிஸ் ஜோஷுவா என்னும் இருவர் அதனை வாங்கி, இசை மேடையுடன் கூடிய உணவகமாக மாற்றினர். அதற்கு மூன்றாண்டு முன்பே, 1956இல், அருகிலுள்ள ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட்டில் மொகாம்போ தொடங்கியிருந்தது. அங்கே ஆன்டன் மெனெசஸ் குழுவினர் வாசிக்க, இளம்பெண்ணான பாம் கிரெய்ன் பாடினார். பின்னாளில் ஜாஸ் ரசிகர்கள் அவரைப் பார்க் ஸ்ட்ரீட்டின் அரசி என்றே கொண்டாடினர். புளூ ஃபாக்ஸ், மூலான் ரூஜ் என்று மேடைகள் பெருகின. ஞாயிற்றுக்கிழமைகளில் பகற்பொழுதில் நடந்த இசை அமர்வுகளுக்குக் கல்லூரி மாணவர் கூட்டம் கூட்டமாக வந்தனர். ஒரு குளிர்பானத்தை வாங்கி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பாட்டுக் கேட்ட அந்நாளைப் பற்றி இன்றைய எழுபது வயதுக்காரர்கள் பேசத் தொடங்கினால் எளிதில் நிறுத்தமாட்டார்கள்.

சேலை உடுத்த குரல்

தமிழராகிய நாம் இந்த மேடைகளின்பால் உரிமையுடன் நோக்கக் காரணம் ஒன்று உண்டு. 1947இல் மும்பையில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் உஷா. தந்தையார் காவல்துறை அதிகாரி. 1969இல் சென்னைக்கு வந்திருந்தபோது, அண்ணாசாலை சஃபையர் திரையரங்க வளாகத்தின் அடித்தளத்தில் இயங்கிய "நைன் ஜெம்ஸ்" என்னும் சிறிய இரவு அரங்கில் பாடும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. சேலை உடுத்து, நெற்றியில் பொட்டு வைத்து, கனத்த குரலில் ஆங்கிலப் பாடல்களை அவர் பாடியபோது அவையோர் முதலில் வியந்தனர். பின்னர் மேலும் பாடச் சொல்லிக் கேட்டனர். மும்பையில் பாடியபின் கொல்கத்தாவின் ட்ரிங்காஸ் மேடை அவரை அழைத்தது.

மேலைநாட்டு உடையே அத்தகைய மேடையின் சீருடை என்று கருதப்பட்ட காலம் அது. உஷா தம் சேலையை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் பாடும் இரவுகளில் மனைவி மக்களை அழைத்துக்கொண்டு குடும்பத்தோடு வந்து கேட்கும் வழக்கம் பரவியது. தம் கணவரையும் அவர் சந்தித்தது அந்த அரங்கில்தான். பின்னர்த் திரையுலகம் அவரை உஷா உதுப் என்று அறிந்தது. 2011இல் பத்மஸ்ரீ, 2024இல் பத்மபூஷண் என்று நாடு அவரைச் சிறப்பித்தது. அந்தப் பயணத்தின் முதற்படி, இன்று இடிக்கப்பட்டுவிட்ட ஒரு சென்னைக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது.

அவர் தனி ஒருவர் அல்லர். பெங்களூரில் வளர்ந்த பிட்டு அப்பையா தம் நண்பர்களுடன் ட்ரிங்காஸில் கிதார் மீட்டினார். லண்டன் சென்று, 1974இல் உலகெங்கும் விற்பனையில் முதலிடம் பெற்ற "குங்ஃபூ ஃபைட்டிங்" பாடலின் தயாரிப்பாளரானார். டார்ஜிலிங்கில் பிறந்த பியானோ கலைஞர் லூயிஸ் பேங்க்ஸ், சாக்ஸஃபோன் கலைஞர் பிராஸ் கொன்சால்வஸ், பாம் கிரெய்ன் ஆகியோர் புளூ ஃபாக்ஸில் இணைந்து அளித்த இசையை இந்திய ஜாஸ் வரலாறு மறப்பதற்கில்லை. அங்கிருந்து லூயிஸ் பேங்க்ஸைத் திரையிசைக்கு அழைத்துச் சென்றவர் ஆர்.டி.பர்மன். இவர்கள் அனைவரும் ஒருநாள் வாயிலருகே இருந்த பலகையில் எவரும் அறியாப் புதிய பெயர்களாக இருந்தவர்களே.

விளக்கு அணைந்தபின்

புகழ் பெற்றவர் கதையை மட்டும் சொல்லிச் செல்வது கணக்கில் வரவை மட்டும் எழுதுவதற்கு ஒப்பாகும். செலவுப் பக்கமும் உண்டு.

ஆரதி தாஸ் என்னும் சிறுமியின் குடும்பம் நாட்டுப் பிரிவினையின்போது கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்தது. வறுமையால் ஓர் ஆங்கிலோ-இந்தியர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்த அச்சிறுமி, அங்கே கண்ட நடனத்தைப் பார்த்துப் பயின்று, பதின்பருவத்திலேயே சௌரங்கியின் ஃபிர்போஸ் உணவக மேடையில் ஆடத் தொடங்கினாள். மிஸ் ஷெஃபாலி என்ற பெயரில் கபரே நடனத்தின் தலைவியாகத் திகழ்ந்தார். சத்யஜித் ராய் தம் "பிரதித்வந்தி", "சீமாபத்தா" ஆகிய இரு படங்களில் அவரை நடிக்க வைத்தார். அவருடைய வருமானத்தில் ஒரு குடும்பமே வாழ்ந்தது. ஊர் அவரைக் காணத் திரண்டது. அவர் தொழிலை மதிக்கத் தயங்கியது. 2020 பிப்ரவரியில் அவர் மறைந்தபோது, பழைய ஒளி எதுவும் இல்லாத எளிய வாழ்க்கையையே வாழ்ந்திருந்தார்.

1970களில் மேடைகள் ஒவ்வொன்றாக மங்கின. நகரின் அரசியல் கொந்தளிப்பு, பெரிய நிறுவனங்களின் வெளியேற்றம், ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் குடிபெயர்ந்தமை, இசை நிகழ்ந்த உணவகங்கள்மீது விழுந்த கேளிக்கை வரி ஆகியன சேர்ந்து அவற்றை நெருக்கின. உணவக முதலாளி கணக்குப் பார்த்தார். சமையலறையை மூடினால் கடை இல்லை; மேடையை மூடினால் செலவு குறையும். பில்லில் பாட்டுக்கு விலை இல்லாததன் பொருள் நமக்கு இங்கேதான் விளங்கியது. விலை குறிக்கப்படாத பொருள், நெருக்கடி வரும்போது முதலில் நீக்கப்படுகிறது. புளூ ஃபாக்ஸ் இருந்த இடத்தில் பின்னர்ப் பன்னாட்டு பர்கர் கடை வந்தது. ட்ரிங்காஸ் இன்றும் பூரி குடும்பத்தாரின் பொறுப்பில் இசையோடு நடக்கிறது. நாடெங்கும் பொருள், சேவை வரி 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, மாநிலங்கள் விதித்துவந்த கேளிக்கை வரி அதனுள் அடங்கியது.

வங்கி மேசையின் முன்

2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதென்று அறிவிக்கப்பட்டன. அடுத்த வாரங்களில் வங்கிக் கிளைகள் எப்படியிருந்தன என்பது வாசகர் அறிந்ததே. அந்த வரிசையில் ஒருநாள், பிஸ்கட் டப்பா ஒன்றை மார்போடு அணைத்தபடி நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருவர் நின்றார். முதல் நாள் இரவு நாம் மேடையில் கண்ட பாடகியேதான். டப்பாவில் இருந்தவை பல ஆண்டுகளாக நிகழ்ச்சி முடிந்தபின் உறையிலிட்டுக் கையில் கொடுக்கப்பட்ட தாள்கள். சில உறைகள் பிரிக்கப்படாமலே இருந்தன. மேலே தேதியும் ஊரும் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. அவருடைய சேமிப்புக் கணக்கில் அதுவரை இருந்தது குறைந்தபட்ச இருப்பு மட்டுமே.

பணம் வரவு வைக்கப்பட்டது. சில மாதங்களுக்குப்பின் அவர் மீண்டும் வந்தார். திருமண நிகழ்ச்சிகளுக்கு ஒலிபெருக்கிகளை வாடகைக்கு எடுப்பதிலேயே ஊதியத்தில் பாதி கரைவதாகவும், சொந்தமாக வாங்கக் கடன் வேண்டுமென்றும் கேட்டார். சம்பளச் சான்று, வருமான வரிப் படிவம், வணிகப் பதிவு என்று நாம் கேட்க வேண்டியவற்றைக் கேட்டோம். அவர் பையிலிருந்து பழைய நிகழ்ச்சி அறிவிப்புகளையும் செய்தித்தாள் துணுக்குகளையும் எடுத்து மேசைமேல் பரப்பி, "இருபது வருடம் பாடியதற்கு என்னிடம் உள்ள சான்று இவைதான் சார்" என்றார். அவற்றை வைத்துக் கடன் தர விதிகளில் இடமில்லை. அவரை வெறுங்கையுடன் அனுப்பினோம். விதிப்படி நாம் செய்தது சரி. ஆயினும் அன்றிரவு அவர் பாட்டைக் கேட்கச் செல்ல மனம் வரவில்லை.

மறுவாரம் நாமே அவரை அழைத்து, ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதிக் கொடுத்தோம். ஒன்று, ஊதியத்தை உறையில் வாங்காமல் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லுதல். கையில் வாங்க நேர்ந்தால் மறுநாளே கணக்கில் செலுத்துதல். இரண்டு, வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் ஆண்டுதோறும் வருமான வரிப் படிவம் தாக்கல் செய்தல். மூன்று, பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு தொடங்குதல். ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய் செலுத்தினாலே அக்கணக்கு உயிரோடிருக்கும். நல்ல மாதத்தில் கூடுதலாகவும் கெட்ட மாதத்தில் குறைவாகவும் போடலாம் என்பதால் ஏறியிறங்கும் வருமானத்துக்கு அது ஏற்றது. நான்கு, ஆயுள், விபத்துக் காப்பீடுகளில் சேர்தல்.

உணவகம் எளிதில் இணங்கியது. திருமண ஒப்பந்தக்காரர்கள் இணங்கவில்லை. இரண்டு வாய்ப்புகளை அவர் இழந்தார். இருப்பினும் ஓராண்டுக்குப்பின் அவர் பாஸ்புக்கில் வாரந்தோறும் வரவு பதிவாகியிருந்தது. செய்தித்தாள் துணுக்குகள் காட்ட இயலாததை அந்தப் பக்கங்கள் காட்டின. 2018இல் பிணையம் இல்லாமல் முத்ரா திட்டத்தின்கீழ் 80,000 ரூபாய்க் கடன் அவருக்கு வழங்கப்பட்டது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மேடைகள் முற்றிலும் மூடப்பட்டன. கடன் தவணைகளை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தபோது அவர் அதைப் பயன்படுத்திக்கொண்டார். ஒத்திவைத்த காலத்துக்கும் வட்டி உண்டு என்பதை முன்கூட்டியே அவருக்கு விளக்கினோம். கைப்பேசி வழியே பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்து அம்மாதங்களைக் கடந்தார். அவருடன் டிரம்ஸ் வாசித்தவர் அந்த ஆண்டில் தம் டிரம்ஸை விற்றுவிட்டு ஊர் திரும்பினார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவருடைய ஊதியம் கடைசிவரை உறையிலேயே வந்துகொண்டிருந்தது.

கேட்போர் கடமை

வாசகர்களில் பலர் தொழில்நிமித்தமாகவோ சுற்றுலாவாகவோ கொல்கத்தா செல்லக்கூடும். ஒரு மாலையைப் பார்க் ஸ்ட்ரீட்டுக்கு ஒதுக்குங்கள். பார்க் ஸ்ட்ரீட் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே செல்லலாம். பார்க் ஸ்ட்ரீட் நிலையம் என்று கேட்டால் எவரும் வழி சொல்வர். எந்த உணவகத்தில் அன்று யார் பாடுகிறார் என்று முன்னதாகத் தொலைபேசியில் விசாரித்து மேசை பதிவு செய்துகொள்ளுங்கள். வார இறுதியிலும் கிறிஸ்துமஸ் காலத்திலும் இடம் கிடைப்பது அரிது. பலகையில் தெரிந்த பெயருக்கு அருகில் தெரியாத பெயர் இருந்தால், தெரியாத பெயரின் நாளைத் தேர்ந்தெடுங்கள். பாடும்போது உரத்துப் பேசாதிருப்பதும், ஒவ்வொரு பாட்டு முடிவிலும் கைதட்டுவதும் அத்தனை நெருங்கிய அறையில் பாடுபவருக்குப் பேருதவி. பில்லில் பாட்டுக்கு விலை இல்லையென்பதை நினைவில் வைத்து, மேடையருகே கலைஞர்களுக்கென்று பெட்டியோ க்யூஆர் அட்டையோ இருந்தால் இயன்றதைச் செலுத்துங்கள். உங்கள் இல்லத் திருமணத்தில் பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் ஊதியத்தை வங்கி வழியே அனுப்புங்கள். உங்களுக்கு அது ஒரு நிமிட வேலை. அவர்களுக்கு அது ஒரு சான்று.

2021இல் நமக்கு மீண்டும் சென்னைக்கு மாற்றலாயிற்று. புறப்படுமுன் ஒருநாள் அதே உணவகத்துக்குச் சென்றோம். பலகையில் புதுப்பெயர் ஒன்று இருந்தது. பாடகியிடம் கைப்பேசியில் பாட்டுப் பயின்ற பெண். வயது பத்தொன்பது இருக்கலாம். ஒலிவாங்கியைப் பிடித்திருந்த விரல்கள் முதல் பாட்டு முழுவதும் நடுங்கின. மூன்றாவது பாட்டில் நடுக்கம் நின்றது. ஆசிரியை அடுத்த மேசையில் அமர்ந்து, உணவைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கிளை திறந்ததும் அப்பெண் வந்து நின்றாள். "மேடம் அனுப்பினார்கள். முதலில் கணக்கு தொடங்கு, உறையை அப்புறம் பிரி என்றார்கள்" என்றாள். விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்தோம். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் விரைவாக எழுதியவள் தொழில் என்ற கட்டத்தில் நின்றுவிட்டாள். "மாணவி என்று எழுதட்டுமா சார்?" என்று கேட்டாள். நேற்றிரவு எங்கே இருந்தாய் என்று நாம் கேட்டோம். சிறிது யோசித்துச் சிரித்தாள். பின்னர்க் குனிந்து, அந்தக் கட்டத்தில் "பாடகி" என்று எழுதினாள்.